வார்த்தையை மாற்றும் மென்பொருள்

ஓய்வு பெற்று, பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான நல்லேப்பிள்ளிக்குத் திரும்பி வந்து ஐந்து மாதம் ஆகிறது. உடம்பு எப்படி இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. இணையத்தில் படத்தை அசைய வைக்க எந்த மென்பொருள் நல்லது என்று மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் என் நாற்காலியில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் குமுளிப் பெண் போன் செய்து கேட்டாள். நெல் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டி வந்தவர், வயலில் இறங்குவதற்கு முன் தன் மகளுக்காகக் கேட்டார். அவர்களுக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாவதாகக் கேட்டது என் மகள் ரம்யா. அவளை அப்படி அனுப்ப முடியவில்லை.

தொடக்கக்காரர்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். குமுளிக் கடைவீதியில் சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் ஏலக்காய் வாங்குவதும் அப்படித்தான். எது அதிகப் பச்சையோ அதுவே உயர்ந்தது. தோலை உரித்து உள்ளே விதை கறுப்பாக இருக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. மென்பொருளிலும் முதலில் எண்ணுவது எத்தனை வகைத் துள்ளல் இருக்கிறது என்பதைத்தான். எழுத்து குதிக்குமா, சுழலுமா, தூளாக உடைந்து மறுபடி சேருமா? அந்த எழுத்தே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்ட தொடக்கக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானும் கேட்டதில்லை.

ரம்யாவுக்கு இருபத்திரண்டு வயது. பாலக்காட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் இது அவளுடைய முதல் வேலை. மழைக்காலத்தில் மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் எந்தப் பக்கம் ஏறித் தப்ப வேண்டும் என்று போனில் காட்டும் அனிமேஷனை மலையாளத்திலும் தமிழிலும் செய்ய வேண்டும். எந்த மலைச்சரிவு என்று கேட்டேன். நாங்கள் பதினைந்து வருடம் இருந்த அதே சித்திரபுரம் பக்கம். 

"ஏம்மா, இந்த ஏழுல எத எடுக்கறது? வியாழக்கெழமைக்குள்ள கம்பெனிக்குச் சொல்லோணும்" என்று ஒரு நோட்டை நீட்டினாள்.

ஏழு பெயர்கள். பக்கத்தில் நிறை, குறை என்று இரண்டு பத்திகள். ஒன்றுக்கு நேரே "அழகு". இன்னொன்றுக்கு நேரே "கத்துக்க மூணு மாசம்". ஏழாவது பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்த, துள்ளல் ஏதும் தெரியாத, பரம சாதுவான ஒரு மென்பொருள். அதன்மேல் இரண்டு கோடு இழுத்திருந்தாள். குறை என்ற பத்தியில் இரண்டே சொல்: "வார்த்தையை மாத்தும்."

"இத எதுக்குக் கண்ணு அடிச்சுப்போட்ட?"

"அதுதானம்மா அன்னிக்கு உங்க ஆபீசுல வார்த்தைய மாத்தி உட்டுது? என்ற கையி ஒடஞ்சதே அதுனாலதான? அதையக் கொண்டுபோயி மறுக்கா அதே மலைக்கு வெப்பனா?"

சொல்லிக்கொண்டே வலது மணிக்கட்டின் கீழே துண்டை மடித்து வைத்துக்கொண்டாள். அந்த மணிக்கட்டு கொஞ்சம் உள்பக்கம் திரும்பியே இருக்கும். துண்டு இல்லாமல் அரைமணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடிக்க முடியாது.

அந்த மென்பொருள் எந்த வார்த்தையையும் மாற்றாது. மாற்றிவிட்டது என்று ஓர் அலுவலகக் கோப்பில் பத்து வருடமாக எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது என் கையெழுத்து.

நான் வேலைக்குச் சேர்ந்தது டிரேசராக. எஞ்சினியர் பென்சிலில் போட்ட வரைபடத்தின்மேல் மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரியும் கோட்டின்மேல் மையில் கோடு இழுக்கும் வேலை. அடியில் சுவர் கோணலாக இருந்தால் மேலேயும் கோணலாகத்தான் வர வேண்டும். யோசிக்கக் கூடாது, யோசிப்பதற்குத்தான் எஞ்சினியர் இருக்கிறார். தொழிற்பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம், வேலையில் முதல் பத்து வருடம், எல்லாம் சேர்த்து நான் கற்றது இந்த ஒன்றைத்தான். நன்றாகவே கற்றேன்.

பிறகு சித்திரபுரத்துக்குக் கீழே ஒரு சின்னக் குடிநீர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். வீட்டுக்காரர் நல்லேப்பிள்ளியில் வயலைப் பார்த்துக்கொண்டார். நானும் ரம்யாவும் மலையில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் போன சில வருடத்தில் மெழுகுத் துணி போய்க் கணினி வந்தது. கணினிக்குப் பின்னால் அலுவலகத்துக்கு ஒரு இணையதளம் வந்தது. படம் வரைகிறவள் அங்கே நான் ஒருத்தி. தமிழ் எழுதத் தெரிந்தவளும் நான் ஒருத்தி. தமிழர்கள் இருக்கும் பகுதியில் அறிவிப்புகள் தமிழிலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, இணையதளம் என் தலையில் வந்து உட்கார்ந்தது.

எங்கள் அசிஸ்டன்ட் எஞ்சினியர் சுகுமாரன் சார். அவரைப் பற்றிக் கெடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் செய்தால்தானே சொல்ல? அவருக்கு அலுவலகம் நடத்த இரண்டு சொற்கள் போதும். முதலாவது, "அனங்கட்டே." அசையட்டும் என்று பொருள். திரையில் எதைக் காட்டினாலும் வயிற்றின்மேல் இரு கைகளையும் கோத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்ப்பார். பிறகு முகம் வாடும். "வேணி, இது அனங்குன்னில்லல்லோ." அசைய மாட்டேன் என்கிறதே என்று ஒரு குழந்தையின் ஏக்கத்தோடு சொல்வார். குடிநீர்க் கட்டண விவரம் அசைந்தது. விடுமுறைப் பட்டியல் அசைந்தது. அவருடைய புகைப்படம்கூட இடமிருந்து வலமாக வந்து நின்றது. அலுவலகத்தில் அசையாமல் இருந்தவை கோப்புகள் மட்டும்தான்.

இரண்டாவது சொல், "கண்டு." நான் தமிழில் எழுதியது எதுவாக இருந்தாலும் அச்செடுத்து, கோப்பில் பக்க எண் போட்டு, அவர் மேசையில் வைக்க வேண்டும். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வோர் எழுத்தின் கீழும் சுட்டுவிரலை ஓட்டுவார். நடுவில் எங்காவது நிறுத்தி, "இது 'ற' அல்லே?" என்பார். "அல்ல சார், 'ர'" என்பேன். சோதித்துவிட்ட திருப்தியோடு ஓரத்தில் "கண்டு" என்று மலையாளத்தில் எழுதிக் கையெழுத்திடுவார். மலையாளத்தில் அதற்குப் பார்த்தேன் என்று பொருள், வாக்கியம் முடிந்துவிடும். தமிழில் படித்தால் அது வினையெச்சம். கண்டு... அப்புறம்? கண்டு என்ன செய்தார்? பதினைந்து வருடம் அவரிடம் கோப்பு வைத்தேன். அந்த அப்புறம் என் மேசைக்கு வரவே இல்லை.

முதலில் நான் பழகிய மென்பொருள் அந்தக் காலத்தில் எல்லோரும் பழகியதுதான். சின்னம் நன்றாக இருந்தது. பம்ப் ஹவுஸ் சக்கரம் சுழல்வதுபோல் ஒரு படம் செய்தேன். சுகுமாரன் சார் மேசைக் கணினியில் அது சுழன்றது. அவர் எழுந்து நின்று பார்த்தார். பம்ப் ஆபரேட்டர் முத்துராஜ் தன் போனில் திறந்து பார்த்தான். ஒரு சாம்பல் நிறக் கட்டம் மட்டும் தெரிந்தது.

"யக்கா, பம்பு ரிப்பேரா?" என்றான்.

மலையில் கணினி எங்கள் அலுவலகத்தில் இருந்தது. மற்ற எல்லோரிடமும் போன் இருந்தது. ஆக, நான் ஒரு வருடமாகச் செய்த அனிமேஷன்களை உலகத்தில் பார்த்தவர் ஒரே ஒருவர். அவரும் கைகளைக் கோத்துக்கொண்டு பார்த்தார்.

அதன்பிறகு முத்துராஜின் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அந்தக் கீறல் விழுந்த போனில் எது ஓடுகிறதோ அதுவே என் மென்பொருள் என்று முடிவு செய்தேன். அப்படி வந்ததுதான் ரம்யா கோடு இழுத்த ஏழாவது பெயர். அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், படமாக உறைந்துவிடாது. பிழை இருந்தால் தட்டச்சு செய்து மாற்றிவிடலாம், அரை நிமிடம். வாழ்க்கையில் நான் சரியாகத் தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று.

அந்த அரை நிமிட வசதியை ஒரே ஒரு முறை சொந்தமாகப் பயன்படுத்தினேன். புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறிப்போய், ஜனங்கள் குழாய் ரிப்பேருக்கு யாரோ ஒரு கோழிக்கடைக்காரரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அலுவலகத்துக்கே வந்து கத்தினார். நான் உடனே திருத்தினேன். மறுநாள் சுகுமாரன் சார் எனக்கு மெமோ கொடுத்தார். கண்டு இல்லாமல் இணையதளத்தில் மாற்றம் செய்தது ஏன்? எண் சரியானதா தவறானதா என்பது கேள்வியே அல்ல. தவறான எண்ணுக்குக் கண்டு இருந்தது. சரியான எண்ணுக்கு இல்லை. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இனி நடக்காது என்றும் எழுதினேன். எழுதியபடி நடந்தேன். மீதிக் கதை அதுதான்.

அந்த வருடம் ஜூலையில் ஒன்பது நாள் விடாத மழை. மண் சரிந்து பிரதானக் குழாயை அடித்துக்கொண்டு போய்விட்டது. வானத்திலிருந்து கொட்டுகிறது, குழாயில் சொட்டு இல்லை. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பெண்கள் கூரை ஓரத்தில் அண்டா வைத்துப் பிடித்தார்கள். சனிக்கிழமை மதியம் குழாய் வேலை முடிந்தது. கிளார்க் மலையாளத்தில் ஒரு வரி எழுதித் தந்தார். நாளைக் காலை ஆறு மணி முதல் தண்ணீர் வரும் என்பதுதான் செய்தி. மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர்.

தமிழில் எழுத உட்கார்ந்தேன். சுகுமாரன் சார் வழக்கம்போல் தைரியம் சொன்னார்: "தமிழும் மலையாளமும் ஒண்ணு தன்னே. லிபி மாத்தியா மதி." எழுத்தை மாற்றினால் போதும் என்கிறார். நான் டிரேசர் அல்லவா? அடியில் தெரிந்த கோட்டின்மேல் கோடு இழுத்தேன்.

"நாளைக் காலை ஆறு மணி முதல் வெள்ளம் வரும்."

எனக்குத் தமிழ் தெரியாதா? பிறந்தது தமிழில்தான். ஆனால் வீட்டில் இருக்கும்வரைதான் எனக்குத் தண்ணி. அலுவலக வாசலைத் தாண்டினால் வெள்ளம். மாத்திரை போட வெள்ளம், கை கழுவ வெள்ளம், ஃபிளாஸ்கில் சூடு வெள்ளம். அத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்தான், அது யாருடைய தொண்டைக்கும் மேலே ஏறியதில்லை.

படத்தில் முதலில் இடப்பக்கம் ஒரு குழாய் வரைந்திருந்தேன். அதன் கீழே ஒரு குடம். குடத்தில் நீலத் தண்ணீர் மெல்ல நிறையும். சுகுமாரன் சார் கைகளைக் கோத்துக்கொண்டு பார்த்தார். முகம் வாடியது.

"குழாய் அனங்குன்னில்லல்லோ, வேணி."

"குழாய் எப்படி சார் அனங்கும்?"

"எங்கில் எடுத்து மாற்று."

குழாயை எடுத்தேன். குடமும் அசையவில்லை, அதையும் எடுத்தேன். அசைவது தண்ணீர் ஒன்றுதான். அது திரை முழுவதும் அசையட்டும் என்றார். கடைசியில் மிஞ்சியது இது: திரையின் அடியிலிருந்து நீல அலை ஒன்று எழும்பி எழும்பி உச்சிவரை மூடுகிறது, அதன்மேல் "வெள்ளம் வரும்" என்ற வரி மிதந்து வருகிறது. எட்டு விநாடி கழித்து, "குடங்களைத் தயாராக வையுங்கள்" என்று இரண்டாவது வரி. சுகுமாரன் சார் விரலை ஓட்டினார். "இது 'ற' அல்லே?" "அல்ல சார், 'ர'." கண்டு. கையெழுத்து. அவர் அடிமாலிக்கு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு வெளியிட்டேன். மழைநாளில் லயத்தில் சிக்னல் எப்படி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் மூன்று விநாடி வந்து அப்படியே நின்றுவிடும். நீல அலை. வெள்ளம் வரும். குடம் வரவே இல்லை.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு முத்துராஜ் போன் செய்தான்.

"யக்கா, என்னத்தப் போட்டு விட்டீக?"

"நாளைக்குத் தண்ணி வரும்னு போட்டேன்."

"தண்ணின்னா போட்டீக? வெள்ளம்னுல்ல போட்டிருக்கீக! அணை ஒடைஞ்சிருச்சுன்னு லயம் பூராம் மேட்டுக்கு ஓடுது. எங்கப்பா டிவியத் தூக்கிக்கிட்டு ஓடுறாரு. அவருக்கு நடக்கவே முடியாதுன்னு நேத்துத்தான் ஆஸ்பத்திரியில சீட்டு வாங்கியாந்தேன்!"

"நாளைக்குக் காலைல ஆறு மணின்னு தெளிவா இருக்குதே?"

"வெள்ளம் கடிகாரம் பாத்தா வரும்? அதுவும் ஒங்க ஆபீசு சொன்ன நேரத்துக்கு என்னைக்கி எது வந்துச்சு?"

கோப்பைத் திறந்தேன். வெள்ளம் என்பதை அழித்துத் தண்ணீர் என்று அடித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இனி ஒரே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கை அங்கே நின்றது. மெமோ ஞாபகம் வந்தது. இனி நடக்காது என்று எழுதிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. கிளார்க்கைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "கண்டு வேணும், சேச்சி" என்றார். சுகுமாரன் சாரை அழைத்தேன். போன் அணைந்திருந்தது. மறுபடி அழைத்தேன். திரைக்கு உள்ளே சரியான சொல் இருந்தது, வெளியே தவறான சொல் ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் என் விரல். நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று ஐம்பதுக்கு அவர் எடுத்தார். கேட்டார். "அய்யோ, மாற்றிக்கோ. திங்களாழ்ச்ச ஞான் கண்டோளாம்" என்றார். திங்கட்கிழமை வந்து பார்த்துக்கொள்கிறாராம். மாற்றினேன்.

நாலரைக்கு அடுத்த போன். வகுப்புத் தோழி வீட்டுக்கு என்று லயத்துக்குப் போயிருந்த ரம்யா, ஓடுகிற கூட்டத்தோடு மேட்டில் ஓடி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வெட்டியிருந்த வடிகாலில் விழுந்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"அம்மா, வெள்ளம் வந்துருச்சா?" என்று கேட்டாள்.

அவள் எந்த நிமிடத்தில் விழுந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. முத்துராஜ் போன் செய்வதற்கு முன்பா? என் விரல் நின்றிருந்த அந்த நாற்பது நிமிடத்திலா? பத்து வருடமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அது அந்த நாற்பதுக்குள்தான் வந்து விழுகிறது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது கேட்டாள்: "யாரும்மா அப்புடிப் போட்டது?"

"மெஷினு கண்ணு. அதுவா மாத்தி உட்டுருச்சு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லாக் குழாயையும் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். காற்று வந்தது. குழாயில் இன்னோர் இடத்தில் விரிசல். திங்கட்கிழமை முருகாயி என்று ஒரு கொழுந்து பறிக்கிற அம்மா, வேலைக்குப் போகாமல் அலுவலக வாசலில் வந்து நின்றாள். முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு.

"ஏந்தாயி, வெள்ளந்தேன் வரல, அது ஒங்க புண்ணியம். தண்ணியாச்சும் விடுவீகளா, இல்ல அதுக்கும் ஒருக்கா ஓடிக் காமிக்கணுமா?"

 கிளார்க் அவளைப் புகார்ப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்.

மேலிடம் விளக்கம் கேட்டது. சுகுமாரன் சார் தானே ஒரு வரைவு எழுதி எடுத்து வந்தார். மென்பொருளின் தானியங்கி மாற்றத்தால் ஒரு சொல் பிழைபட்டது என்று அதில் இருந்தது. நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"வேணி, மனுஷ்யரெ குற்றம் பறயண்டா. மெஷீனானெங்கில் அதுக்கு இன்கிரிமென்ட் கட்டாவில்லல்லோ."

மனிதர்களைக் குறை சொல்ல வேண்டாம். இயந்திரத்துக்கு ஊதிய உயர்வு நிற்காது. அவருடைய பணிக்காலத்தில் அவர் சொன்னவற்றிலேயே அறிவுள்ள பேச்சு அது. நானும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் திங்கட்கிழமை கண்டுபிடித்த பொய்யை நான் சனிக்கிழமையே கண்டுபிடித்திருந்தேன். கையெழுத்துப் போட்டேன். அவர் பக்கத்தில் எழுதினார்: கண்டு.

குற்றவாளி மென்பொருளை அலுவலகத்திலிருந்து நீக்கினார்கள். அதற்குப் பதிலாகப் பளபளவென்று ஒன்று வந்தது. நூற்றுக்கணக்கான துள்ளல்கள். அதில் எழுத்து எழுதி முடித்ததும் படமாக உறைந்துவிடும். ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். சுகுமாரன் சார் மிகவும் மகிழ்ந்தார். எல்லாம் அனங்கியது. நான் ஓய்வு பெறும்வரை அதில்தான் வேலை செய்தேன். ஒவ்வொரு தமிழ் வரியையும் வெளியிடுவதற்கு முன் முத்துராஜைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவன் கண்டு எழுதமாட்டான். "இது வேணாம்க்கா, சண்டை வரும்" என்று மட்டும் சொல்வான். அதுபோதும்.

இத்தனையையும் புதன்கிழமை மத்தியானம் சமையலறையில் வைத்து ரம்யாவிடம் சொன்னேன். அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அலை வரைந்த இடத்தில் சிரித்தாள். முத்துராஜின் அப்பாவும் டிவியும் வந்தபோது இன்னும் நன்றாகச் சிரித்தாள். நாற்பது நிமிடம் வந்தபோது சிரிப்பு நின்றது.

"பொத்தான் பக்கத்துலயேவா இருந்துது?"

"ஆமாங் கண்ணு."

"நீ உக்காந்துட்டே இருந்தயா?"

"ஆமா."

"மெமோவுக்குப் பயந்து?"

"ஆமா."

"அப்ப பத்து வருசமா நான் ஒரு சாப்ட்வேரத் திட்டிட்டு இருந்திருக்கறேன். அது கேட்டுட்டுச் சும்மா இருந்துது பாரு. நம்மூட்டுலயே ரொம்ப நல்ல மனசு அதுக்குத்தான்." எழுந்து போய்விட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் மட்டும் பேசினாள். ஏனுங்கப்பா, ரசம் ஊத்தட்டுங்களா, மோர் வேணுங்களா. என் இலையைப் பார்க்கவே இல்லை. நான் அவளுக்குத் தொல்லை கொடுக்காமல் இருப்பதுதான் சரி என்று நினைத்து, இரண்டு முறை மட்டும் அறைக் கதவருகே போய் நின்றுவிட்டு வந்தேன். உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்டது. நடுநடுவே நின்றது. துண்டை மாற்றி மடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை இட்லித் தட்டை நகர்த்திவிட்டு லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் தன் போன். இரண்டிலும் ஒரே படம். வெள்ளைத் திரை, பெரிய சிவப்பு அம்பு ஒன்று மேல்பக்கம் காட்டுகிறது, கீழே ஒரு வரி. நான் காத்திருந்தேன். வேறு எதுவும் வரவில்லை.

"கண்ணு, இது அனங்கவே இல்லையே" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் இரண்டு கைகளும் வயிற்றின்மேல் கோத்திருப்பதைப் பார்த்தேன். அவசரமாகப் பிரித்தேன். அவளும் பார்த்துவிட்டாள்.

"அனங்க வேண்டியது அந்த மலைச் சனங்க, அம்மா. இது இல்ல. அம்பும் வரியும் மொத நொடியிலேயே வந்து நின்னுக்கும். அப்பறமாத்தான் ஆளு நடக்கற படம். சிக்னல் இல்லாட்டி அது வராது, வராட்டியும் பரவால்ல. போன்லயும் போட்டுப் பாத்துட்டேன். வரியப் படி."

படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.

"உடனே ஒழிந்து போங்கள்."

"இத யாரு எழுதுனது?"

"நாந்தான். கம்பெனில மலையாளம் குடுத்தாங்க. ஒழிஞ்ஞு போகணும்னு. ஏன்?"

மலையாளத்தில் அதற்கு இடத்தைக் காலி செய்து வெளியேறுவது என்று பொருள். ரம்யா பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். மழை எச்சரிக்கையில் ஒவ்வொரு வருடமும் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள்.

"அந்த முருகாயிம்மா கதவத் தட்டி, உடனே ஒழிஞ்சு போங்கன்னு சொல்லிப் பாரு. வெளக்கமாத்தோட வருவா."

அவள் முதலில் விளங்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு தமிழில் அந்த வரியை மெல்ல உச்சரித்தாள். உதடு பாதியில் நின்றது. முகத்தில் நிறம் இறங்குவதைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். முத்துராஜ் போனில் பேசியபோது எனக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும். நான் அவளைச் சமாதானம் செய்ய வாய் எடுத்தேன். அவள் கேட்பதாக இல்லை. கீழே துண்டு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் மவுஸைப் பிடித்தாள். வரியைத் தொட்டாள், அழித்தாள், அடித்தாள், பொத்தானை அழுத்தினாள்.

போனைத் திருப்பிக் காட்டினாள். "உடனே மேட்டுக்குப் போங்கள்." அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏழாவதுதான்" என்றாள்.

நோட்டை எடுத்தாள். ஏழாவது பெயரை மறுபடி புதிதாக எழுதினாள். குறை என்ற பத்தியை வெறுமையாக விட்டாள். நிறை என்ற பத்தியில் பழைய இரண்டு சொல்லையே எழுதினாள்: "வார்த்தையை மாத்தும்." மலையில் இந்த இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்று கேட்டேன். "உன்ற சீட்டுல இருக்கற குமுளிக்கார அக்காவுக்கும் பாஸ்வேர்டு குடுத்தர்றோம். யாருகிட்டயும் கேக்காம மாத்தலாம். மாத்திட்டுச் சொன்னாப் போதும்" என்றாள்.

பிறகு நோட்டில் புதிதாக ஒரு பத்தி இழுத்தாள். தமிழைப் பார்த்தது யார் என்று தலைப்பு. பேனாவை என்னிடம் நீட்டினாள். அவள் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பேனாவை நீட்டியது அந்த வலது கை.

வாங்கினேன். வேலைப் பழக்கத்தில் விரல் தானாக "கண்டு" என்று எழுதிவிட்டது. அவள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கண்டு? அப்பறம்?"

பக்கத்தில் எழுதினேன்: "திருத்தினேன்."